ராக்கெட் கடலில் விழுந்தது! பழியை ஏற்றது யார்?

ஒரு வீடு கட்டுகிறோம். கொத்தனார் சுவரை ஒழுங்காக எழுப்பிவிட்டால், அவர் வேலை முடிந்தது. தச்சர் கதவைச் சரியாகப் பொருத்திவிட்டால், அவர் வேலையும் முடிந்தது. ஆனால் மேஸ்திரிக்கு? எங்கே என்ன கோளாறு என்றாலும் அவரைத்தான் கேட்பார்கள்!

என்ஜினீயராக இருந்து, ஒரு திட்டத்துக்கே தலைவர் ஆகிறவர்களின் நிலையும் இதுதான்.

இதை அனுபவத்தில் கண்டவர் ஒருவர் உண்டு. அவர் யார் தெரியுமா? பிற்காலத்தில் இந்திய ஜனாதிபதியாக விளங்கிய அப்துல் கலாம்தான்!

நான்கில் ஒன்று

கலாம் 1931-ம் ஆண்டு ராமேசுவரத்தில் பிறந்தார். சென்னையை அடுத்த குரோம்பேட்டையில் விமான என்ஜினீயரிங் படித்தார். பின்னர் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் செய்யும் பணியில் சேர்ந்தார்.

செயற்கைக் கோளை விண்ணில் செலுத்த, இந்தியா சொந்தமாக ஒரு ராக்கெட் செய்யத் தொடங்கியது. எஸ்.எல்.வி.-3 என்பது அதன் பெயர். ஒன்றன் மேல் ஒன்றாக அதற்கு நான்கு அடுக்குகள்.

நான்காவது அடுக்கை உருவாக்கும் வேலையை கலாமிடம் கொடுத்தார், விஞ்ஞானி விக்ரம் சாராபாய். மற்ற அடுக்குகளை மற்றவர்கள் கவனித்தார்கள். கலாமின் கவலை எல்லாம் அந்த ஓர் அடுக்கைப் பற்றியே!

தலைமேல் சுமை

1971 டிசம்பரில் சாராபாய் காலமானார். அவருக்குப் பின் விண்வெளித் துறையின் தலைமைக்கு வந்த சதீஷ் தவான், முழுத் திட்டத்தையும் கலாமிடம் ஒப்படைத்தார்.

44 பெரிய பிரிவுகள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பாகங்கள். 275 என்ஜினீயர்களும் விஞ்ஞானிகளும் தேவை. கிடைத்தவர்களோ சுமார் 50 பேர்தான்!

யார் எதைச் செய்வது? எப்போது முடிப்பது? ஒருவர் செய்த பாகம் மற்றவர் செய்த பாகத்தோடு பொருந்துமா? பணம் போதுமா? இவைதான் இனி அவருடைய கேள்விகள். 1978-ல் ராக்கெட் பறக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். அதுவும் தள்ளிப்போயிற்று.

317 விநாடிகள்

1979 ஆகஸ்டு 10. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தயாராக நின்றது. 17 டன் எடை! புறப்படும் நேரம் நெருங்கியபோது, ஒரு வால்வில் அமிலம் கசிவது தெரிந்தது. "பெரிய கசிவு அல்ல" என்று கருதினார்கள். புறப்பட உத்தரவிட்டார் கலாம்.

முதல் அடுக்கு அருமையாக வேலை செய்தது. இரண்டாவது அடுக்கில் அமிலம் தீர்ந்துபோய், ராக்கெட் நிலை தடுமாறியது. 317 விநாடிகளில் எல்லாம் முடிந்தது. கலாம் தம் கையால் உருவாக்கிய நான்காவது அடுக்கும் வங்கக் கடலில் விழுந்தது. கோளாறு நேர்ந்தது அந்த அடுக்கில் அல்ல. ஆனாலும் என்ன பயன்?

பிறகு நடந்த விசாரணைக் கூட்டத்தில் கலாம் எழுந்து நின்றார். "வால்வு பழுது" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கசிவை அற்பமாக நினைத்தது தம் தவறு என்றும், ராக்கெட்டை நிறுத்தியிருக்க வேண்டியவர் தாமே என்றும் சொன்னார்.

அவருக்கும் மேலே இருந்த தவான் என்ன செய்தார்? பத்திரிகை நிருபர்கள் முன் தாமே வந்து நின்றார். தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றார். கலாமைக் காட்டிக்கொடுக்கவில்லை!

வெற்றி வந்தது

1980 ஜூலை 18. ராக்கெட் மீண்டும் எழுந்தது. 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக் கோளை விண்ணில் சேர்த்தது. நாடே மகிழ்ந்தது.

இந்தத் தடவை நிருபர்களிடம் பேசும்படி தவான் யாரை அனுப்பினார் தெரியுமா? கலாமை!

2015-ல் மறையும் வரை, இந்தக் கதையை இளைஞர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார் கலாம். தோல்வி வந்தால் தலைவர் முன்னே நிற்க வேண்டும். வெற்றி வந்தால் மற்றவர்களை முன்னே விட வேண்டும். எந்தக் கல்லூரியிலும் படிக்காத இந்தப் பாடத்தைக் கலாம் கற்றது, கடலில் விழுந்த ஒரு ராக்கெட்டிடம்தான்!