மறுவாழ்வு மையத்தின் அருகே மனை வாங்கலாமா?

கடந்த மாதம் என் முன்னாள் மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சென்னையின் தெற்குப் புறநகரில் அரை கிரவுண்டு மனை ஒன்றை 40 லட்சம் ரூபாய்க்குப் பேசி முடித்து, முன்பணமாக ஒரு லட்சமும் கொடுத்திருந்தார். பத்திரப் பதிவுக்கு மூன்று வாரங்களே இருந்த நிலையில், தெருமுனையில் ஒரு பதாகையைக் கண்டிருக்கிறார். அங்கே அமையவிருக்கும் போதை மறுவாழ்வு மையத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்துக் குடியிருப்போர் வைத்த பதாகை அது. விற்பவரிடம் கேட்டபோது, அவர் சற்றே தயங்கி, விலையில் நான்கு லட்சத்தைக் குறைத்துக்கொள்வதாகச் சொன்னாராம். "வாங்கலாமா ஐயா? அல்லது முன்பணம் போனால் போகட்டும் என்று விலகிவிடலாமா?" என்று கேட்டார் மாணவர்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்த எனக்கும் உடனே விடை சொல்ல முடியவில்லை. ஒரு நடுத்தரக் குடும்பம் வாழ்நாளில் ஒருமுறை எடுக்கும் முடிவு இது. அச்சத்தின் பேரில் எடுத்தாலும், தள்ளுபடியின் மீதுள்ள ஆசையில் எடுத்தாலும் தவறாகப் போக வாய்ப்புண்டு. எனவே, எதை எப்படி எடைபோட வேண்டும் என்று இருவருமாகச் சேர்ந்து யோசித்தோம். அந்தச் சிந்தனை பிறருக்கும் பயன்படலாம்.

மனை வாங்குகிறவர் 1,200 சதுர அடி மண்ணை மட்டும் வாங்குவதில்லை. நிலத்தடி நீர், தெருவின் அகலம், பள்ளியின் தொலைவு, பேருந்து வசதி, அண்டை அயலார் ஆகிய அனைத்தையும் சேர்த்தே வாங்குகிறார். இவை ஒவ்வொன்றுக்கும் மொத்த விலைக்குள் ஒரு மறைமுக விலை உண்டு என்பதை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஷெர்வின் ரோசன் 1974-இல் கோட்பாடாக வகுத்தார். ஒரே மாதிரியான வீடுகளின் விலைகளை ஒப்பிட்டு, ரயில் நிலையம் அருகில் இருப்பதால் விலை எவ்வளவு கூடுகிறது, குப்பைக் கிடங்கு அருகில் இருப்பதால் எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட இக்கோட்பாடு வழிசெய்தது. மறுவாழ்வு மையங்களுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, மையத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டருக்குள் உள்ள வீடுகளின் விலை 8 சதவீதம் குறைவாக இருந்ததாகக் கூறியது. அபின் வகைப் போதைக்குச் சிகிச்சை தரும் மையங்களின் அருகே இந்தக் குறைவு 17 சதவீதம் வரை இருந்தது. ஆனால், சியாட்டில் நகரத் தரவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வு வேறு முடிவுக்கு வந்தது. மறுவாழ்வு மையங்கள் தொடக்கத்திலேயே விலை குறைந்த பகுதிகளைத் தேடித்தான் அமைகின்றன. அந்த வேறுபாட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மையத்தால் விலை குறைந்தது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்றது அது. குடை பிடிப்பவர்கள் அதிகமாக உள்ள நாளில் மழை பெய்கிறது என்பதற்காக, குடையால்தான் மழை வந்தது என்று எவரும் சொல்வதில்லை. ஆனால், மனை விலை என்று வந்தால் அந்தத் தவறை எளிதாகச் செய்துவிடுகிறோம்.

குற்றங்கள் பெருகும் என்ற அச்சத்தையும் ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். பால்டிமோர் நகரில் நடந்த ஆய்வு ஒன்றில், சிகிச்சை மையங்களைச் சுற்றி நடந்த வன்முறைக் குற்றங்களைவிட மதுக்கடைகளைச் சுற்றி நடந்தவையே அதிகம் என்று தெரியவந்தது. அமெரிக்க மாவட்டங்கள் பலவற்றை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வு, சிகிச்சை மையங்கள் கூடும்போது குற்றங்கள் குறைவதைக் காட்டியது. இது வியப்புக்குரியதன்று. மையத்துக்குள் இருப்பவர் போதையை விட வந்தவர். மருத்துவர், செவிலியர் கண்காணிப்பில் இருப்பவர். போதையை விடாதவர்தான் வெளியே, நம் தெருவிலேயே இருக்கிறார்.

அயல்நாட்டுக் கணக்கை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது சரியே. அப்படியானால் நம் ஊரையே பார்க்கலாம். 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையின் போதை மீட்பு மருத்துவமனை, சென்னை அடையாறு இந்திரா நகரில் குடியிருப்புகளுக்கு நடுவே பல பத்தாண்டுகளாக இயங்கிவருகிறது. இந்திரா நகரில் மனை விலை என்ன என்பதைச் சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனையால் விலை ஏறியது என்று யாரும் வாதிட மாட்டார்கள். ஆனால், 'மையம் வந்தால் அந்தப் பகுதியே மதிப்பிழந்துவிடும்' என்ற பொது விதியை மறுக்க இந்த ஓர் எடுத்துக்காட்டே போதுமானது.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி, 'மையம் வருகிறதா' என்பதோடு முடிந்துவிடுவதில்லை. 'எத்தகைய மையம் வருகிறது' என்பதே முக்கியம். மது, போதைப் பொருள் பழக்கத்தால் உண்டாகும் மனநிலைப் பாதிப்புகளையும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் வரையறைக்குள் கொண்டுவந்துள்ளது. இத்தகைய மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யாமல் இயங்கக் கூடாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை தணிக்கை உண்டு. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பது முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள், ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட வழியின்றி மடிந்ததை நம்மில் பலரால் மறக்க முடியாது. உரிமமற்ற மறுவாழ்வு மையங்களில் அடி, உதை, உயிரிழப்பு என்ற செய்திகள் இன்றும் அவ்வப்போது வருகின்றன. அத்தகைய மையத்தின் அருகே மனை வாங்குவது இழப்பே. ஆனால், அந்த இழப்புக்குக் காரணம் முறைகேடே தவிர, மறுவாழ்வு அன்று.

பதிவு உண்டா, கட்டட அனுமதி எந்தப் பயன்பாட்டுக்குக் கோரப்பட்டுள்ளது, படுக்கைகள் எத்தனை ஆகிய விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உள்ளாட்சி அமைப்பிடமும் திட்ட அனுமதி வழங்கும் அமைப்பிடமும் மனநல ஆணையத்திடமும் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் அளிக்க வேண்டும் என்பது விதி. மையத்தை நடத்தவிருப்பவர்களுக்கு வேறு ஊரில் மையம் இருந்தால், ஒருமுறை அங்கே போய் வருவது நல்லது. எதிரே இருக்கும் பெட்டிக்கடைக்காரரிடமும் அயர்ன்காரரிடமும் பேசினால் பாதி உண்மை தெரிந்துவிடும். அந்தத் தெருவின் வீட்டு வாடகையையும் விசாரிக்க வேண்டும். விலை என்பது எதிர்காலம் பற்றிய எதிர்பார்ப்பும் அச்சமும் கலந்தது. வாடகையோ இன்றைய வாழ்க்கையின் அளவுகோல். விலை குறைந்தும் வாடகை குறையாமல் இருந்தால், அங்கே வசிப்பதில் சிரமமில்லை, வதந்திதான் விலையைக் குறைத்தது என்று பொருள் கொள்ளலாம்.

பதாகையில் இடம்பெறாத உண்மையான சிரமங்களும் உண்டு. பாதாளச் சாக்கடை இல்லாத, கோடையில் தண்ணீர் லாரியை நம்பியிருக்கும் புறநகர்த் தெருவில் முப்பது படுக்கைகள் கொண்ட எந்த நிறுவனம் வந்தாலும், அதன் ஆழ்துளைக் கிணறு பக்கத்து வீட்டுக் கிணற்றோடு போட்டியிடும். கழிவுநீர் லாரி அடிக்கடி வரும். நோயாளிகளைக் காண உறவினர் வரும் நாளில் வண்டிகள் தெருவை அடைக்கும். பொருளியலில் 'புறவிளைவு' என்று சொல்வது இதைத்தான். தங்கும் விடுதிக்கும் திருமண மண்டபத்துக்கும் இதே சிரமங்கள் உண்டு. ஆனால், அவற்றுக்கு எதிராகப் பதாகை வைப்பது அரிது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதி, வளாகத்துக்குள்ளேயே வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவதே குடியிருப்போர் செய்ய வேண்டிய பயனுள்ள போராட்டம்.

இனி கணக்குக்கு வருவோம். 40 லட்சம் மனைக்குத் தள்ளுபடி 4 லட்சம். சியாட்டில் ஆய்வு சொல்வதுபோல் தாக்கம் ஏதும் இல்லையென்றால், அந்த 4 லட்சமும் ஆதாயம். வர்ஜீனியாவின் 8 சதவீதம் நேர்ந்தால் இழப்பு 3.2 லட்சம், அப்போதும் 80 ஆயிரம் மிச்சம். 17 சதவீதம் என்றால் இழப்பு 6.8 லட்சம், தள்ளுபடி போதாது. ஆனால், இந்தக் கணக்கெல்லாம் 40 லட்சம் என்பது செய்தி பரவுவதற்கு முந்தைய நியாயமான விலையாக இருந்தால்தான் பொருந்தும். சொல்லும் விலையை முதலில் உயர்த்திவிட்டுப் பிறகு குறைப்பதும் சந்தையில் உண்டு. சென்ற ஆண்டு அதே மனைப்பிரிவில் பதிவான பத்திரங்களைப் பார்த்தால் உண்மை விளங்கும்.

மற்றொரு செலவையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 36 லட்சத்துக்கு இது 3.24 லட்சம் ஆகிறது. மையத்தால் நேரக்கூடும் என்று அஞ்சுகிற இழப்பின் அளவுக்கே இது வருகிறது. ஐயத்துக்கு இடமில்லாத செலவும்கூட. இரண்டே ஆண்டில் விற்கும் எண்ணத்தோடு வாங்குகிறவர், பதாகை தெருவில் இருக்கும் காலத்தில் வாங்காமல் இருப்பதே நல்லது. வீடு கட்டிப் பதினைந்து ஆண்டுகள் குடியிருக்கப் போகிறவருக்கோ நாளைய சந்தை விலையைவிடத் தண்ணீரும் தெருவும் முக்கியம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, காத்திருப்பதற்கும் ஒரு மதிப்புண்டு. கிரய ஒப்பந்தக் காலத்தை இரண்டு, மூன்று மாதங்கள் நீட்டித்துக் கேட்கலாம். மையத்துக்கு அனுமதி கிடைக்குமா, கிடைத்தால் எத்தகைய மையம் என்பது அதற்குள் ஓரளவு தெளிவாகிவிடும். விற்பவருக்கு வேறு ஆள் கிடைப்பது கடினமாக உள்ள இந்த நேரத்தில், அவகாசம் கேட்பவரின் கை ஓங்கியே இருக்கும்.

வாங்குபவரின் கணக்கு இத்துடன் முடிகிறது. சமூகத்தின் கணக்கு மிச்சமிருக்கிறது. மத்திய அரசுக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி, 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் 50 மீட்டர் தள்ளி மதுக்கடையை அமைத்துக்கொள்ள நம் மாநிலத்தின் விதிகள் இடம் தருகின்றன. கடைக்கு இடம் கிடைத்துவிடுகிறது. கடையால் நோயுற்றவருக்கு இடம் கிடைப்பதில்லை. ஒவ்வொரு தெருவும் தன் மனை விலையைக் காக்க முனைந்தால், முறையாகப் பதிவு செய்து வெளிப்படையாக வர விரும்புகிறவர் பின்வாங்குவார். ஊருக்கு வெளியே, யார் கண்ணிலும் படாமல் நடத்துகிறவரே மிஞ்சுவார். தனித்தனியே சரியான முடிவுகள் ஒன்றுசேர்ந்து பெருங்கேட்டை விளைவிக்கும் நிலை இது.

இதை நான் ஏட்டறிவாக மட்டும் சொல்லவில்லை. 1990-களில் என் நெருங்கிய உறவினர் ஒருவருக்குக் குடிநோய்ச் சிகிச்சை தேவைப்பட்டது. மையம் இருந்த ஊருக்குப் பேருந்தில் நான்கு மணி நேரப் பயணம். உள்நோயாளியாக இருந்து தேறித்தான் திரும்பினார். ஆனால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை போக வேண்டிய தொடர் சிகிச்சைக்கு மூன்றாவது மாதத்துக்குமேல் அவரால் போக முடியவில்லை. அன்றாடக் கூலியை இழந்து, துணைக்கு ஓர் ஆளையும் அழைத்துக்கொண்டு எத்தனை முறை போவது? 44 வயதில் இறந்துபோனார். தொலைவும் ஒரு விலைதான் என்பதை வகுப்பறையில் பலமுறை சொல்லிக்கொடுத்தவன் நான். அதை உணர்ந்தது அந்த ஆண்டில்தான்.

மாணவர் இரண்டு மாத அவகாசம் பெற்றிருக்கிறார். தகவல் உரிமை மனுக்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் ஐயா?" என்று சென்ற வாரம் மீண்டும் கேட்டார். பதிவும் அனுமதியும் முறையாக இருந்து, தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் ஏற்பாடு இருந்தால், 36 லட்சத்துக்கு வாங்கி அங்கேயே வீடு கட்டுவேன் என்றேன். பதிவு இல்லையென்றால் 30 லட்சத்துக்குத் தந்தாலும் வாங்க மாட்டேன். ஆனால், விலகும் முன் மனநல ஆணையத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதிவிட்டுத்தான் விலகுவேன் என்றும் சொன்னேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).