நம்ம பேட்டை வானொலி

கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று ஒலிக்கத் தொடங்கியது அண்ணா சமுதாய வானொலி. பண்பலை 90.4. கல்வி வளாகத்தில் இயங்கும் சமுதாய வானொலிகளில் இந்தியாவிலேயே இதுதான் முதலாவது.

இத்தகைய நிலையங்களுக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் ஒலிபரப்புத் திறன் 100 வாட். பழைய குண்டு பல்பு அளவுதான்! ஆனால் அடையாறு, கோட்டூர்புரம், சைதாப்பேட்டைக்கு அது தாராளம். பேசுகிறவரும் கேட்கிறவரும் அக்கம்பக்கத்துக்காரர்கள் என்பதுதான் இதன் பலமே. சர்க்கரை நோய், டெங்கு, குடிதண்ணீர் என்று எதைப் பேசினாலும் நம் தெருவை வைத்தே பேசலாம்.

நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே தயாராக வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சமுதாய வானொலிக் கொள்கை. நல்ல விதி. ஆனால் அரசியல் நிகழ்ச்சிகளுக்கு அதே கொள்கை தடை போட்டிருக்கிறது. சாக்கடை அடைத்துக்கொண்டால், வார்டு கவுன்சிலரைக் கேள்வி கேட்பது சுகாதாரமா, அரசியலா? இந்தத் தடை தளரத்தான் வேண்டும். வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றமே 1995-ல் சொல்லிவிட்டதே!

இன்னொரு பேட்டை வானொலியையும் கேட்க வேண்டுமா? நுங்கம்பாக்கம் எம்.ஓ.பி. வைணவ மகளிர் கல்லூரியின் சமுதாய வானொலிக்குப் பண்பலை 107.8-க்குத் திருப்புங்கள்.