அத்தையின் கரி அடுப்புக்குச் சக்கரம் வைத்தேன்!

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை கரியில் கத்தரிக்காய் சுட்டுத் துவையல் அரைத்தால், எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒரு படி சோறு கூடுதலாக வடிக்க வேண்டும். வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனாலும், "கேஸ்ல சுட்டா தோல்தான் கருகும், உள்ளே வேகாது" என்பார். கருவாடு சுட, மக்காச்சோளம் வாட்ட, அப்பளம் சுட எல்லாவற்றுக்கும் மொட்டை மாடியில் குமுட்டி அடுப்புதான்.

குமுட்டியைப் பார்த்திராத இளம் வாசகியருக்கு ஒரு வார்த்தை. சின்ன இரும்பு வாளி போல இருக்கும். மேலே கரி, நடுவில் கம்பித் தட்டு, கீழே காற்று நுழையவும் சாம்பல் விழவும் ஒரு வாசல். தரையில் வைத்து, எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து விசிற வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. போன வருஷம், 72 வயதில் அத்தைக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. "இனிமேல் குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அத்தை சொன்ன முதல் வார்த்தை: "அந்தக் குமுட்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடும்மா. இனி எனக்கு எதுக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அவசரத்தில் முதலில் நான் செய்தது பைத்தியக்காரத்தனம். ஒரு மர ஸ்டூலின் மேல் அடுப்பை வைத்தேன். அரை மணி நேரத்தில் பலகை கருகி வாடை வந்தது. பதறி நகர்த்தும்போது ஸ்டூல் ஆடி, ஒரு தணல் துண்டு என் மகளின் காலருகில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்ததால் பிழைத்தோம். அன்றைக்கே முடிவு செய்தேன்: அடுப்புக்கென்று ஒழுங்காக ஒரு மேஜை செய்வது என்று.

பரணில் பழைய இரும்பு ராக் ஒன்று கிடந்தது. கடைகளில் சரக்கு அடுக்க வைத்திருப்பார்களே, நீளம் முழுக்க ஓட்டை போட்ட ஆங்கிள் கால்கள், தகரத் தட்டுகள், அதேதான். வெல்டிங் வேண்டாம், இரண்டு ஸ்பானர், ஒரு ஹாக்ஸா பிளேடு, கை நிறைய நட்டு போல்ட் போதும். ஆங்கிளை அறுக்க மட்டும் என் கணவர் கை கொடுத்தார். மற்றதெல்லாம் நான்தான்!

அளவைக் கவனமாகக் கேளுங்கள். மேஜையின் உயரத்தை அளக்கக்கூடாது. அடுப்பு வாயின் உயரத்தைத்தான் அளக்க வேண்டும். அத்தையை நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்தேன். 36 அங்குலம். அதற்கு 4 அங்குலம் கீழே, அதாவது 32 அங்குலத்தில் அடுப்பின் வாய் இருந்தால் தோள் தூக்காமல், முதுகு வளையாமல் புரட்டலாம். அதில் அடுப்பின் உயரம் 9 அங்குலம், அடியில் பரப்பும் செங்கல் 3 அங்குலம். இரண்டையும் கழித்தால் தட்டின் உயரம் 20 அங்குலம். செங்கல்லை மறந்து கணக்குப் போட்டு, ஆங்கிளை அறுக்க இருந்தேன். கடைசி நிமிஷத்தில் அத்தைதான், "கல்லு எங்கேம்மா போச்சு?" என்று கேட்டுத் தடுத்தார்.

தட்டு 3 அடி நீளம், 15 அங்குல அகலம். அதன் விளிம்பு மேல் பக்கம் வரும்படி பொருத்தினால் ஒரு தாம்பாளம் மாதிரி ஆகிவிடும், செங்கல் நழுவாது. பாரம் தாங்க, தட்டின் அடியில் குறுக்கே ஓர் ஆங்கிள் துண்டு. கால்கள் ஆடாமலிருக்க, மூலைக்கு மூலை முக்கோணத் தகடு வைத்து முறுக்கினேன். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிடாதீர்கள். ஆடுகிற மேஜையில் நெருப்பு வைப்பதும் ஒன்றுதான், மடியில் கட்டிக்கொள்வதும் ஒன்றுதான்.

மேஜையின் ஒரு பாதியில் 6 செங்கல்களை நெருக்கிப் பரப்பி, இடுக்கில் மணல் தூவினேன். அதன் மேல்தான் அடுப்பு. மறுபாதியில் ஒரு கடப்பாக் கல் துண்டு: தட்டு, இடுக்கி, எண்ணெய்க் கிண்ணம் வைக்க. கடப்பாக் கல்லின் மேல் நேராக அடுப்பை வைக்காதீர்கள். சூட்டில் விரிசல் விடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டுத் துண்டை வைக்கச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். அது வேண்டவே வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கீழே இன்னொரு தட்டு. அதில் ஒரு வாளி மணல், கரி மூட்டை. பாரம் கீழே இருந்தால் மேஜை சாயாது.

சக்கரம் இரண்டு கால்களுக்கு மட்டும்தான். நான்கிலும் வைத்தால் விசிறும்போதே ஓடும். சக்கரம் தன் தகட்டோடு சேர்ந்து 4 அங்குலம் இருந்ததால், அந்த இரண்டு கால்களையும் 4 அங்குலம் குறைத்து அறுத்தோம். அடுப்பும் செங்கல்லும் சக்கரத்துப் பக்கம் இருக்கட்டும். எதிர்ப் பக்கம் தூக்கித் தள்ளும்போது பாரம் சக்கரத்தில் இறங்கி, கைக்குச் சுமை குறையும். கைப்பிடிக்கு உடைந்த உலக்கைத் துண்டு!

முதல் நாள் அத்தை நின்றபடியே கத்தரிக்காய் சுட்டார். "கலெக்டர் ஆபீஸ் மேஜை மாதிரி இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதவே வேண்டியதில்லை.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. சக்கரம்தான் இருக்கிறதே! அடுப்போடு வண்டியை மாடிப்படி அறைக்குள் தள்ளி, சாரல் அடிக்காமல் கதவு ஜன்னலையும் சாத்தினேன். 'கரி நன்றாகக் கனன்றுவிட்டது, புகையே இல்லை, என்ன ஆகிவிடும்?' என்று நினைப்பு. சற்று நேரத்தில் மகள் தலைவலி என்றாள். அத்தை, "எனக்கும் கனக்குதும்மா" என்றார். பிரஷர் மாத்திரை எடுக்க எழுந்தேன். எனக்கே தலை சுற்றிக் குமட்டியது. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படி? அந்தக் கேள்வி வந்த அடுத்த நிமிஷம் கதவைத் திறந்து இருவரையும் மழையிலேயே வெளியே இழுத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்குள்ளே கரி மூட்டினீங்களா?" கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வருமாம். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபினை, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுமாம். மூக்கில் மாஸ்க் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். "அப்படியே தூங்கியிருந்தா எழுந்திருக்கவே மாட்டீங்க" என்றார் டாக்டர்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. தரையில் இருந்தவரை அந்த அடுப்பை எரிய எரிய யாரும் உள்ளே தூக்கி வந்ததில்லை. சக்கரம் வைத்தவள் நான். உள்ளே தள்ளியவளும் நான்.

வண்டியை உடைத்துவிடலாமா என்று அத்தையிடம் கேட்டேன். "வண்டி என்னடி பண்ணுச்சு? அதுக்கு ஒரு மூக்கணாங்கயிறு போடு" என்றார்.

போட்டேன். கைப்பிடிச் சுவரில் ஒரு வளையம் அடித்து, ஊஞ்சலில் மிஞ்சிய சங்கிலியால் வண்டியை அதில் மாட்டினேன். கரி மூட்டுமுன் சங்கிலி மாட்ட வேண்டும். சாம்பல் ஆறிக் கொட்டிய பிறகே கழற்ற வேண்டும். அடுப்பின் வாய்க்கு இரும்பு மூடி ஒன்று செய்தேன். மழை வந்தால் மூடியைப் போட்டு, கீழ் வாசலையும் அடைத்து, அடுப்பை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் மட்டும் உள்ளே ஓடி வருவோம். காற்றில்லாமல் தணல் அணையும். மிச்சக் கரி மறுநாளைக்கு ஆகும். சாம்பலுக்குள் நெருப்பு ஒரு நாள்கூட உயிரோடு இருக்கும். அதனால் பிளாஸ்டிக் வாளியில் கொட்டாமல் இரும்பு வாளியில்தான் கொட்டுகிறோம்.

உங்கள் வீட்டிலும் குனிய முடியாத பெரியவர்கள் இருந்தால், ஒரு விடுமுறை நாளில் இந்த வண்டியைச் செய்து கொடுங்கள். சக்கரம் வைக்கிற அன்றைக்கே சங்கிலியும் வைத்துவிடுங்கள்.

நேற்றும் மாடியில் கருவாடு மணந்தது. சங்கிலி மாட்டியிருக்கிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு முன்பே அத்தை மாட்டியிருந்தார்.