மாற்று வீரர் மட்டம்

மாற்று வீரர் மட்டம் என்பது விளையாட்டுப் புள்ளியியலில் ஒரு வீரரின் மதிப்பை அளக்கப் பயன்படும் அடிக்கோடு ஆகும். ஓர் அணி தன் வீரர் ஒருவரை இழக்கும்போது, பெரும் பணமோ வேறு வீரரோ கொடுக்காமல் உடனடியாகக் கிடைக்கக்கூடிய ஒருவரிடம் எதிர்பார்க்கப்படும் ஆட்டத்திறனே இம்மட்டம் எனப்படுகிறது. இக்கருத்து ஐக்கிய அமெரிக்காவில் பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தில் உருவானது. துடுப்பாட்டத்திற்கும் (கிரிக்கெட்) இது பொருந்தும். சேர்வராயன் மலை அமைந்துள்ள சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த பந்துவீச்சாளர் தங்கராசு நடராஜனின் ஆட்ட வரலாறு இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

வரையறை

ஒரு வீரரின் மதிப்பைச் சராசரி வீரருடன் ஒப்பிட்டு அளப்பது முதற்பார்வைக்குச் சரியாகத் தோன்றும். ஆனால் அம்முறையில் சராசரி வீரரின் மதிப்பு சுழியம் ஆகிவிடும். நடைமுறையில் சராசரித் திறனுள்ள வீரர் எளிதில் கிடைப்பதில்லை. அவர் காயமுற்றால் அவருக்குப் பதிலாக வருபவர் பெரும்பாலும் அவரைவிடத் திறன் குறைந்தவராகவே இருப்பார். எனவே வீரரின் மதிப்பு என்பது அவருக்கும் சராசரிக்கும் உள்ள வேறுபாடு அன்று; அவருக்கும், அவர் இல்லாவிட்டால் களமிறங்கக்கூடியவருக்கும் உள்ள வேறுபாடே ஆகும்.

இவ்வேறுபாட்டை வெற்றிகளின் எண்ணிக்கையாகக் கூறும் அளவை "மாற்று வீரருக்கு மேலான வெற்றிகள்" எனப்படும். அடிபந்தாட்டத்தில் ஏறத்தாழ 10 ஓட்டங்கள் ஒரு வெற்றிக்கு இணையாகக் கொள்ளப்படுகின்றன.

வரலாறு

அடிபந்தாட்டத் தரவுகளை ஆராயும் துறை "சேபர்மெட்ரிக்ஸ்" எனப்படுகிறது. 1971-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க அடிபந்தாட்ட ஆய்வுக் கழகத்தின் பெயர்ச்சுருக்கத்திலிருந்து இச்சொல்லை உருவாக்கியவர் பில் ஜேம்ஸ் ஆவார். இவர் 1977 முதல் தம் ஆய்வுகளைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். பின்னர் கீத் உல்னர் மாற்று வீரர் மட்டத்தை அடிப்படையாகக் கொண்ட அளவை ஒன்றைப் பரவலாக்கினார். 2003-இல் வெளிவந்த மைக்கேல் லூயிசின் "மணிபால்" நூல், இவ்வகைக் கணக்கீடுகளைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. அதே ஆண்டில் நேட் சில்வர் உருவாக்கிய "பெக்கோட்டா" முன்கணிப்பு முறையும் வெளியானது.

2013 வரை வெவ்வேறு தரவுத்தளங்கள் வெவ்வேறு மாற்று மட்டங்களைப் பயன்படுத்தின. அவ்வாண்டு ஃபேன்கிராஃப்ஸ், பேஸ்பால்-ரெஃபரன்ஸ் ஆகிய இரு தளங்களும் ஒரே மட்டத்தை ஏற்றன. அதன்படி, மாற்று வீரர்களை மட்டுமே கொண்ட அணி தன் ஆட்டங்களில் 29.4 விழுக்காட்டில் வெல்லும். அதாவது 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஏறத்தாழ 48 வெற்றிகள் பெறும். 30 அணிகளும் இத்தகையனவாக இருந்தால் மொத்த வெற்றிகள் ஏறத்தாழ 1,430 ஆகும். ஒரு பருவத்தில் நடைபெறுவன 2,430 ஆட்டங்கள். எஞ்சும் 1,000 வெற்றிகளே எல்லா வீரர்களுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகின்றன.

மாற்று மட்டம் என்பது கடைசி மட்டம் அன்று. 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி 41 ஆட்டங்களில் மட்டுமே வென்று 121-இல் தோற்றது குறிப்பிடத்தக்கது.

வெளிக்களத்தவர்

அடிபந்தாட்டத்தில் இடம், நடு, வலம் என மூன்று வெளிக்களத்தவர் உள்ளனர். நடுவெளிக்களத்தவர் மிகப் பரந்த இடத்தைக் காக்க வேண்டியிருப்பதால் விரைவாக ஓடக்கூடியவரே அங்கு நிறுத்தப்படுகிறார். ஓரங்களில் நிற்போரிடம் மட்டைத் திறன் கூடுதலாக எதிர்பார்க்கப்படுகிறது.

இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொள்ள, ஃபேன்கிராஃப்ஸ் முறையில் முழுப் பருவம் ஆடும் நடுவெளிக்களத்தவருக்கு 2.5 ஓட்டங்கள் கூட்டப்படுகின்றன. ஓரவெளிக்களத்தவருக்கு 7.5 ஓட்டங்கள் கழிக்கப்படுகின்றன. மேலும், மாற்று வீரர் சராசரி வீரரைவிட ஒரு முழுப் பருவத்தில் ஏறத்தாழ 20 ஓட்டங்கள் பின்தங்கியவராகக் கொள்ளப்படுகிறார்.

மட்டையிலும் களக்காப்பிலும் சரியாகச் சராசரித் திறன் கொண்ட இருவரை எடுத்துக்கொள்வோம்.

* நடுவெளிக்களத்தவர்: 0 + 2.5 + 20 = 22.5 ஓட்டங்கள், ஏறத்தாழ இரண்டேகால் வெற்றிகள்.
* ஓரவெளிக்களத்தவர்: 0 - 7.5 + 20 = 12.5 ஓட்டங்கள், ஏறத்தாழ ஒன்றேகால் வெற்றிகள்.

ஒரே மட்டைத் திறன் இருந்தும் இருவரது மதிப்பும் ஒரு வெற்றி அளவுக்கு வேறுபடுகிறது. ஓரத்தில் நிற்கக்கூடியவர்கள் பலர் கிடைப்பதும், நடுவில் நிற்கக்கூடியவர்கள் சிலரே கிடைப்பதும் இதற்குக் காரணங்களாகும்.

முன்கணிப்பு முறை

அணியொன்று வீரரைச் சேர்ப்பது அவர் கடந்த ஆண்டு செய்தவற்றுக்காக அன்று, வரும் ஆண்டில் செய்யக்கூடியவற்றுக்காகவே. எனவே மாற்று மட்டத்துடன் ஒப்பிட வேண்டியது முன்கணிப்பை ஆகும்.

முன்கணிப்பு முறைகளில் மிக எளியது டாம் டாங்கோ உருவாக்கிய "மார்செல்" ஆகும். "ஃபிரெண்ட்ஸ்" தொலைக்காட்சித் தொடரில் வரும் குரங்கின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. ஒரு குரங்குகூடச் செய்யக்கூடிய அளவுக்கு எளிய கணக்கு என்பது இப்பெயரின் பொருள். இதற்கு மூன்று படிகள் உண்டு.

1. கடந்த மூன்று ஆண்டுத் தரவுகளுக்கு முறையே 5, 4, 3 என எடை தருதல். அண்மை ஆண்டுக்கு எடை அதிகம்.
2. அத்துடன் சராசரி வீரரின் 1,200 மட்டைவாய்ப்புகளைச் சேர்த்தல். இது கணிப்பைச் சராசரியை நோக்கி இழுக்கிறது.
3. அகவைக்கேற்பத் திருத்துதல். 29 அகவைக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.3 விழுக்காடு குறைக்கப்படும். குறைந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.6 விழுக்காடு கூட்டப்படும்.

எடுத்துக்காட்டாக, 33 அகவையுள்ள கற்பனை வெளிக்களத்தவர் ஒருவர் கடந்த ஆண்டு 200 வாய்ப்புகளில் 76 முறையும், அதற்கு முந்தைய ஆண்டு 150 வாய்ப்புகளில் 48 முறையும் தளமடைந்தார் எனக் கொள்வோம். அதற்கும் முந்தைய ஆண்டில் அவர் ஆடவில்லை. தொடரின் சராசரித் தளமடைவு வீதம் 0.320.

* எடையிட்ட வாய்ப்புகள்: 200 × 5 + 150 × 4 = 1,600
* எடையிட்ட தளமடைவுகள்: 76 × 5 + 48 × 4 = 572
* சராசரி வீரரின் பங்கு: 1,200 × 0.320 = 384
* கணிப்பு: (572 + 384) ÷ (1,600 + 1,200) = 0.341
* அகவைத் திருத்தத்திற்குப் பின்: 0.337

கடந்த ஆண்டு இவரது வீதம் 0.380. அதை மட்டும் கண்டு மயங்கும் அணி இவரைச் சிறந்த வீரர் எனக் கருதும். கணிப்போ இவரைச் சராசரிக்குச் சற்றே மேலானவராக மட்டும் காட்டுகிறது. இந்த இழுப்புக்குக் காரணம், 200 வாய்ப்புகளில் வெளிப்படுவதில் திறனுடன் தற்செயலும் பெருமளவு கலந்திருப்பதே. தரவு பெருகப் பெருக 1,200 என்னும் சேர்க்கையின் செல்வாக்குக் குறையும்.

துடுப்பாட்டத்தில் பயன்பாடு

இந்தியன் பிரீமியர் லீக்கில் ஏலம் மூலம் வீரர்கள் சேர்க்கப்படுவதால் மாற்று மட்டக் கருத்து எளிதில் பொருந்துகிறது. ஏலத்தின் மிகக் குறைந்த அடிப்படை விலையில் கிடைக்கக்கூடிய வீரரையே மாற்று வீரராகக் கொள்ளலாம். இவ்விலை 2018-இல் 20 இலட்சம் ரூபாயாகவும், 2025 பருவத்துக்கான ஏலத்தில் 30 இலட்சம் ரூபாயாகவும் இருந்தது.

ஆடும் பதினொருவரில் வெளிநாட்டு வீரர் நால்வருக்கு மேல் இடம்பெற முடியாது. இதனால் அடிபந்தாட்டத்தின் நடு, ஓர வெளிக்களங்களைப் போலவே இங்கும் இருவேறு மாற்று மட்டங்கள் உருவாகின்றன. வெளிநாட்டு இடங்களுக்கு உலகெங்கிலுமிருந்து திறமையாளர் போட்டியிடுவதால் அங்கு மாற்று மட்டம் உயர்ந்தது. இறுதி நிறைவுகளில் நம்பி வீசச் செய்யக்கூடிய இந்திய இடக்கை வேகப்பந்துவீச்சாளர்கள் சிலரே. ஆகவே அவர்களுக்குரிய மாற்று மட்டம் தாழ்ந்தது. அத்தகைய ஒருவரின் மதிப்பு உயர்ந்தது.

துடுப்பாட்டத் தரவுகளுக்கான முயற்சிகளும் தமிழ்நாட்டில் நடைபெற்றுள்ளன. 2019-இல் கிரிக்இன்ஃபோ தளம், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், கியான் டேட்டா நிறுவனம் ஆகியன இணைந்து "சூப்பர்ஸ்டாட்ஸ்" என்னும் அளவைத் தொகுப்பை வெளியிட்டன. தற்செயலின் பங்கை அளக்கும் குறியீடும், ஆட்டப்போக்கை முன்கணிக்கும் கருவியும் இதில் அடங்கும்.

எடுத்துக்காட்டு: தங்கராசு நடராஜன்

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன், இடக்கை வேகப்பந்துவீச்சாளர். யார்க்கர் எனப்படும் காலடிப் பந்துகளுக்குப் பெயர் பெற்றவர். 2015 சனவரியில் ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டு அணிக்காக அறிமுகமானார். 2017 ஏலத்தில் 10 இலட்சம் அடிப்படை விலையில் இருந்த இவரைக் கிங்ஸ் இலெவன் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அப்பருவத்தில் 6 ஆட்டங்களில் 2 இலக்குகளையே வீழ்த்தினார். 2018-இல் சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணி இவரை 40 இலட்சத்துக்கு எடுத்தது. எனினும் 2018, 2019 ஆகிய இரு பருவங்களிலும் ஓர் ஆட்டத்தில்கூட இவர் களமிறக்கப்படவில்லை.

இத்தரவை மட்டும் கொண்டு 2020-க்குச் செய்யப்படும் எந்த முன்கணிப்பும் இவரை மாற்று மட்டத்திலேயே வைக்கும். ஆனால் அத்தரவு மிகச் சிறியது. ஆட்டத்துக்குச் சராசரியாக ஓர் இலக்கு வீழ்த்தும் திறனுள்ள வீச்சாளர், 6 ஆட்டங்களில் 2 அல்லது அதற்கும் குறைவாக எடுக்கும் நிகழ்தகவு, புவாசான் பரவலின்படி ஏறத்தாழ 6 விழுக்காடு. பல வீச்சாளர்கள் ஆடும் தொடரில் ஒவ்வொரு பருவமும் சிலருக்கு இது தற்செயலாகவே நேரும்.

2020 பருவத்தில் நடராஜன் 16 ஆட்டங்களில் 16 இலக்குகளை வீழ்த்தினார். இதனையும் அதே எச்சரிக்கையுடனேயே படிக்க வேண்டும். 16 இலக்குகள் எதிர்பார்க்கப்படும் வீச்சாளரின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 4. திறன் மாறாமலே ஒரு பருவத்தில் 12-உம் மற்றொன்றில் 20-உம் அவர் எடுக்கலாம்.

அப்பருவத்தை அடுத்து வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆத்திரேலியா சென்ற இவர், பிறர் காயமுற்றதால் அணியில் சேர்க்கப்பட்டார். 2020 திசம்பர் 2-இல் ஒருநாள் போட்டியிலும், திசம்பர் 4-இல் இருபது20 போட்டியிலும், 2021 சனவரி 15-இல் பிரிஸ்பேன் தேர்விலும் அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் இவரே.

பிரிஸ்பேன் தேர்வில் பும்ரா, அசுவின், சடேசா ஆகியோர் காயத்தால் ஆட இயலவில்லை. முகமது சமியும் உமேஷ் யாதவும் அதற்கு முன்னரே காயமுற்றிருந்தனர். இந்தியாவின் பந்துவீச்சு ஏறக்குறைய முழுமையாக மாற்று வீரர்களைக் கொண்டிருந்தது. முதல் ஆட்டப்பகுதியில் நடராஜன், வாசிங்டன் சுந்தர், சர்துல் தாக்கூர் மூவரும் தலா 3 இலக்குகளை வீழ்த்தினர். 1988-க்குப் பின் அத்திடலில் தேர்வுப் போட்டியில் தோற்றிராத ஆத்திரேலியாவை இந்தியா 3 இலக்குகளால் வென்றது. தமிழ்நாடு பிரீமியர் லீக், ரஞ்சிக் கோப்பை முதலிய உள்நாட்டுத் தொடர்களின் ஆழம் ஒரு நாட்டின் மாற்று மட்டத்தை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு இப்போட்டி சான்றாகக் கொள்ளத்தக்கது.

பின்னர் நடராஜனின் ஏல விலை 2022-இல் 4 கோடியாகவும், 2025 பருவத்துக்கு 10.75 கோடியாகவும் உயர்ந்தது.

குறைபாடுகள்

* மாற்று மட்டம் ஒரு குழுவின் சராசரியே. தனியொருவரின் திறன் அன்று. அக்குழுவில் தம் மட்டத்துக்கு மிக மேலான திறனுடையோரும் இருக்கலாம்.
* எந்தச் சராசரியை நோக்கி இழுப்பது என்பதைக் கணிப்பவரே தெரிவு செய்கிறார். முதல்நிலைத் தொடரில் தரவு இல்லாதவருக்கு அத்தெரிவே ஏறக்குறைய விடையாகிவிடும். கீழ்நிலைத் தொடர்களின் தரவுகளை உரிய கழிவுடன் சேர்த்துக்கொள்வது இக்குறையைத் தணிக்கும்.
* வெளிக்களக் காப்பை அளப்பது மட்டைத் திறனை அளப்பதைவிடக் கடினம். ஒரு பருவத் தரவு அதற்குப் போதாது.
* தரவு குறைந்தவர் மாற்று மட்டத்தினராகக் கணிக்கப்படுகிறார். அவ்வாறு கணிக்கப்பட்டவருக்கு வாய்ப்புக் கிடைப்பதில்லை. வாய்ப்பில்லாததால் தரவும் பெருகுவதில்லை. இச்சுழலைக் கணக்கீடு தானே உடைக்காது. நடராஜனின் வழக்கில் பிறரது காயங்களே பன்னாட்டு ஆட்டங்களுக்கான வழியைத் திறந்தன.

ஒருவரின் வெற்றியைக் கொண்டு முன்கணிப்பு முறை தவறானது என முடிவு செய்வதும் பொருந்தாது. ஒத்த தரவுடைய பெரும்பாலோர் கணிக்கப்பட்ட அளவிலேயே ஆடுவர். கணிப்புடன் அதன் பிழை எல்லையையும் சேர்த்துக் கூறினால், மாற்று வீரர் எனப்படுபவர் திறனற்றவர் அல்லர், பெரும்பாலும் இன்னும் போதிய அளவு அளக்கப்படாதவர் என்பது தெளிவாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* அடிபந்தாட்டம்
* துடுப்பாட்டம்
* திட்ட விலக்கம்
* புவாசான் பரவல்
* தங்கராசு நடராஜன்