அளந்து விடப்படும் அருவி

தென் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை ஒட்டி நெடுங்காலமாக வாழ்ந்துவரும் எங்களுக்கு ஆறு என்றால் ஹூக்ளிதான். வண்டல் கலந்து, அகன்று, ஓசையின்றி ஓடும் ஆறு அது. பாறையிலிருந்து பாய்ந்து விழும் பேராறு ஒன்றை வாழ்நாளில் ஒருமுறையேனும் காண வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. பணி ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதற்கெனவே ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினோம். அது முதிர்ந்த ஆண்டின் ஆகஸ்டு மாதத்தில் நயாகராவுக்குப் புறப்பட்டோம்.

கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் பயணம். ஊரை நெருங்கியதும், நீரைக் காணுமுன்பே அதன் முழக்கம் கேட்டது. அன்று பிற்பகல் சிவப்பு மழையங்கி அணிந்து படகில் ஏறினோம். 57 மீட்டர் உயரத்திலிருந்து குதிரை லாட வடிவில் விழும் நீரின் அடிவாரம்வரை படகு சென்றது. எழுந்த சாரலில் எதிரே நின்றவர் முகமும் தெரியவில்லை. எங்கள் இருவர் கண்களும் கலங்கியிருந்தன. சாரல் அதை மறைத்துவிட்டது.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மீண்டும் அருவிக்கரைக்குச் சென்றோம். நீர் குறைந்திருந்தது போலத் தோன்றியது. விளிம்பின் ஓரங்களில் முந்தைய நாள் காணாத பாறைகள் தெரிந்தன. விடுதிக்குத் திரும்பி வரவேற்பாளரிடம் கேட்டோம். “எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள், ஐயா. இரவில் பாதியைத்தான் விடுவார்கள்” என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மையே. 1950ஆம் ஆண்டு அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, கோடைச் சுற்றுலாக் காலத்தில் காலை 8 மணி முதல் இரவு 10 மணி வரை வினாடிக்குக் குறைந்தது 1 லட்சம் கன அடி நீர் அருவியில் விழ வேண்டும். மேட்டூர் அணையில் பெருவெள்ளக் காலத்தில் திறக்கப்படும் நீரை நினைத்துக்கொண்டால் இந்த அளவு விளங்கும். இரவிலும் குளிர்காலத்திலும் 50,000 கன அடி விழுந்தால் போதும். மீதி நீர் சுரங்கக் குழாய்கள் வழியே இரு நாட்டு மின் நிலையங்களுக்குச் செல்கிறது. அருவிக்குச் சற்று மேலே ஆற்றில் நிற்கும் 18 மதகுகள் இந்தக் கணக்கைக் காக்கின்றன.

ஒரு கணம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஐந்து ஆண்டுகள் சேமித்து வந்து நாங்கள் கண்டது, நேரம் பார்த்துத் திறக்கும் குழாயைத்தானா? எட்டு மணிக்கு மறுபடியும் கரையில் நின்றபோது, விளிம்பு முழுவதும் பச்சை நிற நீர் நிறைந்து வழிந்தது. அப்போது எங்கள் எண்ணம் மாறியது. அந்த ஒப்பந்தம் அருவியின் அழகுக்குரிய பங்கை முதலில் ஒதுக்குகிறது. அதன்பின் எஞ்சுவதையே மின்சாரத்துக்குச் சமமாகப் பிரிக்கிறது. நீர் குறைந்ததால் இன்னொரு நன்மையும் உண்டு. முன்பு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வீதம் பாறையை அரித்துப் பின்வாங்கிய அருவி, இன்று ஓரடி அளவுக்கே பின்வாங்குவதாக மதிப்பிடுகிறார்கள். அளவோடு செலவிட்டால் முதலும் நிலைக்கும் என்பது வங்கி வாடிக்கையாளர்களுக்குப் புதிய செய்தி அன்று.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். கனடா விசாவைக் கொண்டு பாலத்தைக் கடந்து அமெரிக்கக் கரைக்குச் செல்ல இயலாது. அதற்கு அமெரிக்க விசா தனியாக வேண்டும். கடைகளில் அட்டையைக் கொடுக்கும்போது, ரூபாயில் செலுத்துகிறீர்களா என்று இயந்திரம் கேட்டால் மறுத்துவிட்டு, கனடிய டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாய்க்கு அங்கேயே மாற்றும் விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும். முதியோர் மருத்துவக் காப்பீடு இன்றிப் புறப்பட வேண்டாம்.

ஊர் திரும்பிய வாரத்தில் பிரின்செப் படித்துறைக்குச் சென்று அமர்ந்தோம். எதிரே ஓடிய ஹூக்ளியும் அளந்து விடப்படும் நீர்தான் என்பது அன்றுதான் மனத்தில் பதிந்தது. கொல்கத்தா துறைமுகம் வண்டலால் தூர்ந்துவிடாதிருக்க, 1975ஆம் ஆண்டு முதல் ஃபராக்கா தடுப்பணையிலிருந்து கால்வாய் வழியே கங்கை நீர் இங்கே திருப்பப்படுகிறது. கோடையில் அந்த நீர் எங்களுக்கு வேண்டும். கீழே வங்கதேசத்து உழவர்களுக்கும் வேண்டும். ஜனவரி முதல் மே வரை பத்து நாளுக்கொரு கணக்காக அதைப் பகிர்ந்துகொள்ள, 1996இல் இரு நாடுகளும் 30 ஆண்டுகளுக்கென ஓர் ஒப்பந்தம் செய்தன.

எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் இந்த ஆற்று நீரே. இத்தனை ஆண்டுகள் அதைக் கணக்கின்றித் திறந்துவிட்டிருந்தோம். அருவியைக் காணப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் சென்று வந்தபின், குழாயை இறுக மூடக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.