விளக்குத் தூக்கியவரின் கஞ்சிரா

புதுக்கோட்டையில் விளக்குத் தூக்கும் வேலை பார்த்தவர் மாமுண்டியா பிள்ளை. தாள நுணுக்கங்களை ஒரு தவில்காரரிடம் கற்றார். ஆனால், கஞ்சிராவுக்கு வாத்தியார் கிடையாது. இருக்கவும் முடியாது, 1880-களில் அதற்கு உருவம் கொடுத்து, கச்சேரி மேடை ஏற்றியவரே அவர்தானே!

பலா மரச் சட்டம், உடும்புத் தோல், ஓரத்தில் கிணுகிணுக்கும் நாணயங்கள். ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். தோலில் லேசாகத் தண்ணீர் தெளித்து, இடது கை விரல்களால் அழுத்தினால் நாதம் குழைந்து வரும். இந்தச் சின்னக் கருவியோடு பெரிய மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்காரத் தனித் துணிச்சல் வேண்டும்!

சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை அதன் புகழைப் பரப்பினார். 2024-ல் கிராமி விருது வென்ற 'சக்தி' குழுவில், ஜாஸ் கிடார் மேதை ஜான் மெக்லாக்லினோடு செல்வகணேஷ் வாசித்ததும் கஞ்சிராதான்.