ரூட் கேனல்: பல்லுக்குள்ள ஊத்துற தண்ணி என்ன தண்ணி?

வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக். 2022-23ல் அங்கே பல்லுக்குச் சிகிச்சை எடுத்த 10 பேருக்கு மூளையைத் தாக்கும் தொற்று வந்தது. 8 பேர் இறந்துபோனார்கள். வேலூர் சிஎம்சி, ஐசிஎம்ஆரின் சென்னை நிறுவனம், தமிழக பொது சுகாதாரத் துறை ஆகியவை சேர்ந்து விசாரித்தன. ஆய்வு முடிவு 2025ல் ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் வந்தபோதுதான் பலருக்கும் விஷயமே தெரிந்தது.

காரணம் என்ன? ஒரு சலைன் பாட்டில். ஈறை விலக்கப் பயன்படுத்தும் கருவியாலேயே அந்தப் பாட்டிலைத் திறந்து, தளர்வாக மூடி வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ‘பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை’ என்ற பாக்டீரியா அந்தச் சலைனில் இருந்தது. அதே காலத்தில், கிளினிக்குடன் தொடர்பில்லாமல் இதே நோய் வந்த 11 பேரில் இறந்தது ஒருவர்தான். நேரடியாக வாய்க்குள் போன கிருமி எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்பதற்கு இந்த வித்தியாசமே போதும்.

இது ரூட் கேனலுக்கு மட்டுமான விவகாரம் இல்லை. ஆனால் பல் சிகிச்சைகளிலேயே ‘கழுவுவது’தான் முக்கால்வாசி வேலை என்றால், அது ரூட் கேனல்தான். ஓரிக்கையிலிருந்து பஸ் ஏறி காஞ்சிபுரம் டவுனில் ரூட் கேனல் பண்ணிக்கொள்கிற ஒருவர், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஊசி போய்த் தேய்த்தால் போதாதா?

போதாது. பல்லின் வேருக்குள் இருக்கும் கால்வாய் நேரான குழாய் கிடையாது. வளையும், பிரியும், பக்கத்தில் கிளை விடும். மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் பல நேரம் நாலாவது கால்வாய் ஒன்று ஒளிந்திருக்கும். டாக்டர் கையில் இருக்கும் ‘ஃபைல்’ என்ற மெல்லிய உலோக ஊசி, எவ்வளவு நவீனமாக இருந்தாலும், உள்சுவரில் 35 சதவீதத்துக்கும் மேலான பரப்பைத் தொடுவதே இல்லை என்று 2001ல் மைக்ரோ சிடி ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியது. அந்த மூலைமுடுக்குக்குப் போகக்கூடியது திரவம் மட்டும்தான்.

அதில் முதலிடம் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு. ஆமாம், வீட்டில் பாத்ரூம் கழுவும் பிளீச்சிங் திரவத்தின் அதே குடும்பம்! முதல் உலகப்போரில் காயம் கழுவ ஹென்றி டேக்கின் பயன்படுத்தியதும் இதைத்தான். பல்லுக்கு 0.5 முதல் 6 சதவீதம் வரை வீரியத்தில் பயன்படுத்துகிறார்கள். கிருமியைக் கொல்வதோடு, செத்துப்போன திசுவையும் கரைக்கும். சலைன் இந்த இரண்டையுமே செய்யாது. குப்பையை அடித்துக்கொண்டு வரும், அவ்வளவுதான். ‘சலைன் வச்சே கழுவிட்டோம்’ என்றால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது.

அடுத்து, ஃபைல் தேய்த்ததில் சுவரில் அப்பிக்கொள்ளும் மெழுகுபோன்ற படலம். இதைப் புரிந்துகொள்ள காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் கஷ்டமே இருக்காது. கச்சா பட்டு நூலில் உள்ள பசையை, சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் போக்கினால்தானே சாயம் சரியாகப் பிடிக்கும்? அதே கதைதான். 17 சதவீத இடிடிஏ கரைசல் அந்தப் படலத்தை எடுத்தால்தான், பல்லின் நுண்துளைகளுக்குள் மருந்தும் கடைசியில் வைக்கும் அடைப்பும் இறங்கும்.

சில டாக்டர்கள் 2 சதவீத குளோர்ஹெக்சிடினும் பயன்படுத்துவார்கள். கிருமிக்கு நல்லது, திசுவைக் கரைக்காது. ஹைப்போகுளோரைட்டோடு நேரடியாகச் சேர்ந்தால் பழுப்பு நிறத்தில் திரிந்து துளைகளை அடைத்துவிடும். அதனால் இரண்டுக்கும் நடுவே வேறு திரவத்தால் அலச வேண்டும்.

ஊற்றும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. நுனி மூடி, பக்கவாட்டில் துளை உள்ள ஊசிதான் பாதுகாப்பு. ஊசியைக் கால்வாயில் இறுக்கிச் செருகாமல், மெதுவாக அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் திரவம் வேர் நுனியைத் தாண்டி வெளியே போகும். அப்படிப் போனால் அந்த நொடியே கடும் வலி, சில நிமிடங்களில் கன்னம் வீங்கும். அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது. அதனால்தான் இதெல்லாம் யூடியூப் பார்த்து வீட்டில் பிளீச் ஊற்றிப் பார்க்கும் சமாச்சாரம் இல்லை. கடைசியில் அல்ட்ராசோனிக் முனையால் திரவத்தை அதிரவைத்தால், கிளைகளுக்குள்ளும் நன்றாகப் போகும். இந்தக் கருவி இல்லாத கிளினிக் மோசம் என்று அர்த்தமில்லை. இருந்தால் கூடுதல் நல்லது.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? 1965ல் எலிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளின் பல்லைத் துளைத்துத் திறந்தே விட்டார்கள். பல்லின் உள்ளிருந்த திசு சாகவில்லை, தானே ஆறியது. சாதாரண எலிகளுக்கு எல்லாம் அழுகிப்போனது. ஆக, பிரச்சினை ஓட்டை இல்லை, கிருமி.

நாற்காலியில் உட்கார்ந்தவர் என்ன பார்க்கலாம்?

முதலில் ரப்பர் டேம். பல்லை மட்டும் வெளியே நீட்டிவிட்டு வாயை மூடும் ரப்பர் தாள். 1864லிருந்தே இருக்கிறது. எச்சில் உள்ளே போகாது, ஹைப்போகுளோரைட் தொண்டைக்கு இறங்காது. விலையும் பெரிதில்லை. ஆனாலும் போடாத கிளினிக்குகள் உண்டு. என்னைக் கேட்டால் இதற்குச் சாக்கே கிடையாது.

அடுத்து, கருவிகள் சீலிட்ட பையிலிருந்து உங்கள் முன்னால் பிரிக்கப்படுகிறதா? ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் 15 நிமிடம் இருந்த பையில் அடையாளக் கோடு நிறம் மாறியிருக்கும். சூடு பட்டதற்கு அதுதான் அடையாளம். உள்ளே முழுசாகக் கிருமி நீங்கியதா என்பதை கிளினிக் தனியாகச் சோதித்துவர வேண்டும்.

பிறகு அந்தப் பாட்டில். ‘டாக்டர், சலைன் புதுசா பிரிச்சதா?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார், காட்டுவார். ஒரு பாட்டில் ஒரு ஆளுக்குத்தான், மிச்சம் கீழே கொட்டப்பட வேண்டும்.

ரூட் கேனலுக்குப் பிறகு ரெண்டு மூணு நாள் லேசாக வலிப்பது சகஜம். ஆனால் காய்ச்சல், கன்னத்தில் வீக்கம், விடாத தலைவலி, பேச்சுக் குழறல், முகம் ஒருபக்கம் இழுப்பது என ஏதாவது வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். பல்லுக்கு என்றைக்கு, எங்கே சிகிச்சை எடுத்தீர்கள் என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.